சிறகை வரைந்தவரும் சிறகைச் செய்தவரும்

நுழையும்முன்

வானில் பறக்க வேண்டும் என்னும் விழைவு மனித இனத்தின் பழைமையான கனவுகளுள் ஒன்று. அக்கனவை ஓவியர் தாளில் வரைகின்றனர். கதைசொல்லிகள் சொற்களில் படைக்கின்றனர். பொறியாளர் மரத்திலும் உலோகத்திலும் செய்கின்றனர். அசைவூட்டப் படமொன்றில் பிறந்த சிறகு, உண்மையான காற்றில் ஒரு மனிதரைச் சுமந்து எழுவதற்கு என்னென்ன மாற்றங்களை ஏற்க வேண்டியிருந்தது, எத்தனை ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திரையில் பறந்த சிறகு

1984-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜப்பானில் ஓர் அசைவூட்டப் படம் வெளிவந்தது. ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா’ என்பது அதன் பெயர். அதனை இயக்கியவர் ஹயாவோ மியாசாகி. 1982 முதல் தாமே வரைந்து வெளியிட்டுவந்த படக்கதையையே அவர் திரைப்படமாக ஆக்கினார். பெரும்போர் ஒன்றால் நாகரிகம் அழிந்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னர் நிகழ்வதாக அக்கதை அமைந்துள்ளது. நச்சுக்காடு பரவிவரும் அவ்வுலகில், காற்றாலைகளை நம்பி வாழும் சிற்றூர் ஒன்றின் இளவரசி நௌசிகா. போரிடும் இருதரப்பாருக்கும் இடையே புகுந்து அழிவைத் தடுக்க முயல்பவள் அவள்.

அவளுடைய ஊர்தியே நம் கட்டுரையின் பொருள். ‘மேவே’ என்று அழைக்கப்படும் அது, வெண்ணிறமான ஒற்றை இறக்கை. வால் இல்லை, விமானி அமர்வதற்கான அறையும் இல்லை. மேவே என்பது கடற்காகத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல். நௌசிகா அதன்மேல் குப்புறப் படுத்துக் கைப்பிடிகளைப் பற்றிக்கொள்கிறாள். சில வேளைகளில் எழுந்து நின்றும் பறக்கிறாள். எடையே அற்றதுபோல் அதனைக் கையாள்கிறாள்.

மியாசாகி வானூர்திகளோடு நெருக்கம் கொண்டு வளர்ந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவருடைய தந்தையார், போர் விமானங்களுக்கான உறுப்புகளைச் செய்யும் தொழிற்கூடத்தை நடத்தினார். ஆதலால் அவர் வரைந்த ஊர்திகளில் காற்றின் போக்கை உணர்ந்த ஒருவரின் கை தெரியும். ஆயினும், வரைபவருக்கு ஓர் உரிமை உண்டு. தாளில் வரைந்த ஊர்தி எடையைச் சுமக்க வேண்டியதில்லை. விழுந்தால் எவருக்கும் காயம் ஏற்படுவதில்லை. அந்த உரிமை செய்பவருக்கு இல்லை.

ஒரு கலைஞரின் வினா

படத்தைக் கண்டு வியந்தோர் பலர். ‘இதனை உண்மையாகவே செய்ய இயலுமா?’ என்னும் வினாவைச் செயலாக மாற்றியவர் கசுஹிகோ ஹாச்சியா. 1966-இல் பிறந்த அவர், வானூர்திப் பொறியாளர் அல்லர். கருவிகளைக்கொண்டு கலைப்படைப்புகளை உருவாக்கும் கலைஞர். மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் இளஞ்சிவப்பு நிறக் கரடிப் பொம்மையைக் கொண்ட மென்பொருள் ஒன்றால் 1997-இல் ஜப்பானில் புகழ்பெற்றவர். அதன் பின்னர்ச் சிறிய ஜெட் பொறியால் இயங்கும் பலகை ஒன்றையும் உருவாக்கியிருந்தார்.

2003-ஆம் ஆண்டு அவர் ‘திறந்த வானம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மேவேயைப் போன்ற ஊர்தியைச் செய்வதும், அதில் தாமே பறப்பதும் திட்டத்தின் நோக்கங்கள். இவற்றுள் இரண்டாவது நோக்கமே இம்முயற்சிக்குக் கனம் சேர்த்தது. காட்சிக்கூடத்தில் தொங்கவிடுவதற்கு ஓர் உருவத்தைச் செய்தல் எளிது. தன் உடலையே ஏற்றிச் செல்லும் ஊர்தியைச் செய்பவர், ஒவ்வோர் ஆணியையும் ஒவ்வொரு கணக்கையும் மீண்டும் மீண்டும் சரிபார்க்கக் கடமைப்பட்டவர் ஆகிறார். வானூர்தி வடிவமைப்பில் தேர்ந்தவர்களுடன் இணைந்தே அவர் பணியைத் தொடங்கினார்.

பறத்தல் என்னும் கணக்கு

பறக்கும் எந்த ஊர்தியின்மீதும் நான்கு விசைகள் செயற்படுகின்றன. எடை கீழே இழுக்கிறது. தூக்குவிசை மேலே உயர்த்துகிறது. காற்றுத்தடை பின்னே இழுக்கிறது. உந்துவிசை முன்னே செலுத்துகிறது. பொறி இல்லாத சறுக்கு வானூர்தியில் உந்துவிசை ஏது? இறக்கத்தில் மிதிக்காமலேயே மிதிவண்டி ஓடுவதை எண்ணிப் பாருங்கள். அவ்வாறே சறுக்கு வானூர்தியும் காற்றில் ஒரு மென்சரிவில் இறங்கிக்கொண்டே முன்னேறுகிறது. அதன் எடையின் ஒரு கூறே அதனை முன்செலுத்துகிறது. எழும்பும் காற்றோட்டம் வாய்த்தால் இறங்குவதற்கு மாறாக ஏறவும் செய்யும்.

தூக்குவிசை இறக்கையிலிருந்து பிறக்கிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. இறக்கையின் மேற்பரப்பில் அழுத்தம் குறைந்தும் கீழ்ப்பரப்பில் மிகுந்தும் இருப்பது இதன் மற்றொரு வெளிப்பாடு. இவ்விசையின் அளவு நான்கினைப் பொறுத்தது: காற்றின் அடர்த்தி, வேகத்தின் இருமடி, இறக்கையின் பரப்பு, இறக்கையின் வடிவமும் சாய்வும் தரும் கெழு.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஊர்தியின் நிறை 100 கிலோகிராம், அதில் பறப்பவரின் நிறை 60 கிலோகிராம் எனக் கொள்வோம். மொத்த எடை ஏறத்தாழ 1,600 நியூட்டன். காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம், வேகம் நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர், கெழு 0.7. அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கிப் பாதியாக்கினால் 240 கிடைக்கும். அதனைக் கெழுவால் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்கும் விசை 168 நியூட்டன் என அறியலாம். ஆகவே 1,600 நியூட்டன் எடையைத் தாங்க ஏறத்தாழ 9.5 சதுர மீட்டர் இறக்கை தேவை.

இறக்கையின் பரப்பைப் பாதியாகக் குறைத்தால் என்ன நேரும்? அதே எடையைத் தாங்க, வேகம் நொடிக்கு 28 மீட்டராக, அதாவது மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டராக உயர வேண்டும். வேகத்தின் இருமடியைப் பொறுத்தது இயக்க ஆற்றல். எனவே தரையிறங்கும்போது ஊர்தி சுமந்துவரும் இயக்க ஆற்றல் இருமடங்காகிவிடும். பாதுகாப்புக்கூடு எதுவுமின்றித் தலை முன்னாகப் படுத்திருக்கும் மனிதருக்கு இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது.

படத்தில் காணும் மேவேயின் இறக்கை நௌசிகாவின் உருவத்தோடு ஒப்பிடச் சிறியது. ஹாச்சியாவின் ஊர்தியிலோ இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையிலான நீளம் பத்து மீட்டரை நெருங்குகிறது. மூக்கிலிருந்து பின்விளிம்பு வரையிலான நீளமோ மூன்று மீட்டருக்கும் குறைவு. ஓவியத்தைவிட இறக்கை நீண்டதற்குக் காரணம், மேற்கண்ட கணக்கே. குறுகி நீண்ட இறக்கை காற்றுத்தடையைக் குறைக்கும் என்பது மற்றொரு நன்மை. கடற்பறவைகளின் சிறகுகள் அவ்வாறு அமைந்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

வால் இல்லாத சிக்கல்

மேவேயின் அழகு அதன் வாலின்மையில் உள்ளது. அதன் பெருஞ்சிக்கலும் அதுவே.

பொதுவான விமானத்திற்கு வால் எதற்கு? திடீர்க் காற்றால் விமானத்தின் மூக்கு மேலெழும்புவதாகக் கொள்வோம். அப்போது ஈர்ப்பு மையத்திற்கு வெகுதொலைவு பின்னால் அமைந்துள்ள வாலின்மீது காற்றின் விசை மிகுந்து, வாலை மேலே தள்ளும். அத்திருப்பு விசையால் மூக்கு மீண்டும் தாழ்ந்து பழைய நிலையை அடையும். மூக்கு தாழ்ந்தால் இதற்கு மறுதலையாக நிகழும். தொலைவு மிகுதியாதலால் சிறிய வாலே போதுமான திருப்பு விசையைத் தருகிறது. விமானி ஒன்றும் செய்யாதபோதும் ஊர்தி தன்னைத் தானே திருத்திக்கொள்வதையே நிலைத்தன்மை என்கிறோம்.

வாலை நீக்கிவிட்டால் இப்பணியை இறக்கையே செய்ய வேண்டும். அதற்குப் பொறியாளர் கண்ட வழிகள் இரண்டு. இறக்கையின் பின்விளிம்பைச் சற்றே மேல்நோக்கி வளைத்தல் ஒன்று. இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்து, அதன் நுனிகளைச் சிறிது முறுக்கி, அந்நுனிகளையே வால்போல் செயற்படச் செய்தல் மற்றொன்று. ஜெர்மனியின் ஹோர்ட்டன் உடன்பிறந்தார் 1930-களிலேயே இவ்வாறான வாலில்லாச் சறுக்கு வானூர்திகளைச் செய்து பறந்துள்ளனர். எனினும் இவ்வழிகளுக்கு ஒரு விலை உண்டு. மேல்நோக்கி வளைந்த பின்விளிம்பு தூக்குவிசையில் ஒரு பகுதியைக் குறைத்துவிடுகிறது. இழந்ததை ஈடுசெய்ய இறக்கை இன்னும் பெரிதாக வேண்டும்.

இதனை நீங்களே வகுப்பறையில் கண்டறியலாம். அஞ்சலட்டை அளவிலான தாளின் நீண்ட விளிம்பொன்றை இருமுறை மடித்து அழுத்துங்கள். மடித்த விளிம்பு முன்னே இருக்குமாறு மெல்லத் தள்ளிவிடுங்கள். தாள் தலைகுப்புற விழும். இப்போது பின்விளிம்பைச் சிறிதளவு மேல்நோக்கி வளைத்து மீண்டும் விடுங்கள். சற்றுத் திருத்தித் திருத்தி முயன்றால், அத்தாள் வாலின்றியே சறுக்கிச் செல்லக் காண்பீர்கள். வளைவு மிகுந்தால் மூக்குயர்ந்து தடுமாறும். குறைந்தால் குப்புற விழும். வடிவமைப்பாளர் நாடுவது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அந்தச் சிறிய அளவையே.

உடலும் ஓர் உறுப்பு

இவ்வூர்தியில் மனிதரின் உடல் வெறும் சுமை அன்று. அதுவும் பொறியின் ஓர் உறுப்பு. முன்னர்க் கண்ட கணக்கையே மீண்டும் கொள்வோம். மொத்த நிறை 160 கிலோகிராம். அதில் 60 கிலோகிராம் நிறையுடைய மனிதர் 10 சென்டிமீட்டர் பின்னே நகர்ந்தால், முழு ஊர்தியின் ஈர்ப்பு மையம் 3.75 சென்டிமீட்டர் பின்னே நகரும். நூற்றுக்கணக்கானோர் செல்லும் விமானத்தில் ஒருவர் எழுந்து நடந்தால் எவரும் உணர்வதில்லை. இங்கோ, இறக்கையின் சராசரி அகலமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். வாலில்லா ஊர்தியில் நிலைத்தன்மைக்கு விடப்படும் இடைவெளி அவ்வகலத்தில் சில விழுக்காடே. ஆகவே 3.75 சென்டிமீட்டர் என்பது புறக்கணிக்கத்தக்க அளவன்று. படத்தில் நௌசிகா எழுந்து நிற்கும் காட்சி கண்ணுக்கு இனியது. மெய்யான ஊர்தியில் அது பேரிடருக்கு வழிவகுக்கும்.

குப்புறப் படுத்துப் பறத்தல் புதிதன்று. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று ரைட் உடன்பிறந்தார் முதன்முதலாக விமானத்தில் பறந்தபோதும், விமானி கீழ் இறக்கையின்மேல் குப்புறப் படுத்தே செலுத்தினார். இடுப்பைத் தாங்கிய தொட்டில் போன்ற அமைப்பை இடவலமாக அசைத்து, இறக்கையை முறுக்கித் திசையை மாற்றினர். படுத்திருப்பதால் காற்றுத்தடை குறைகிறது. ஆயினும் கழுத்து விரைவில் சோர்வடைகிறது. மோதல் நேர்ந்தால் தலையே முதலில் தாக்குண்கிறது. இவ்விரண்டையும் அறிந்தே அந்நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.

தெரிந்து தெளிவோம்

ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ லிலியன்தால், பறவைகளின் பறத்தலை ஆராய்ந்து 1889-இல் நூல் வெளியிட்டவர். 1891 முதல் தாமே செய்த சறுக்கு வானூர்திகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் முறை பறந்தார். கால்களையும் இடுப்பையும் அசைத்து, உடல் எடையை இடம்மாற்றியே ஊர்தியைச் செலுத்தினார். 1896 ஆகஸ்டு 9 அன்று காற்றில் நிலைகுலைந்து வீழ்ந்து, மறுநாள் உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற ஆய்வுகளே ரைட் உடன்பிறந்தாருக்குத் தூண்டுகோலாயின.

படிப்படியாக உயர்தல்

ஹாச்சியா எடுத்த எடுப்பில் ஜெட் பொறியைப் பூட்டிப் பறந்துவிடவில்லை. முதலில் ஆளில்லாத சிறிய மாதிரிகள் பறக்கவிடப்பட்டன. மாதிரிகளால் வடிவத்தின் நிறைகுறைகளை ஆளுக்கு இடரின்றி அறியலாம். எனினும் மாதிரி பறந்துவிட்டது என்பதனாலேயே முழு ஊர்தியும் பறந்துவிடும் எனக் கொள்ளல் இயலாது. ஒரே வடிவத்தில், ஒரே பொருளால் செய்யப்பட்ட ஊர்தியின் எல்லா அளவுகளையும் இருமடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும். நிறையோ எட்டு மடங்காகும். ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டரும் தாங்க வேண்டிய சுமை இருமடங்காகிறது. பெரிய ஊர்திக்கு வேறு கணக்கு, வேறு கட்டமைப்பு, வேறு ஆய்வு தேவைப்படுகின்றன.

அடுத்த நிலையில், பொறி இல்லாத முழுஅளவுச் சறுக்கு வானூர்தி செய்யப்பட்டது. எம்-02 எனப் பெயரிடப்பட்ட அதனை ரப்பர்க் கயிற்றால் இழுத்துவிட்டு, தரைக்கு மிக அருகில் சிறுசிறு தொலைவுகள் பறந்து பழகினார் ஹாச்சியா. முழங்கால் உயரத்தில் நேரும் பிழை பாடமாகும். பெரும் உயரத்தில் நேரும் பிழை முடிவாகிவிடும். இறக்கை எவ்வாறு தன் அசைவுகளுக்கு மறுமொழி தருகிறது என்பதை உடல் கற்றுக்கொண்ட பின்னரே பொறி பூட்டும் நிலைக்கு அவர் சென்றார். ரைட் உடன்பிறந்தாரும் 1900, 1901, 1902 ஆகிய மூன்று ஆண்டுகள் சறுக்கு வானூர்திகளில் பழகிய பின்னரே பொறியைப் பூட்டினர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

எம்-02ஜே என்னும் அடுத்த ஊர்தியில், பெரிய மாதிரி விமானங்களில் பயன்படும் வகையைச் சேர்ந்த சிறிய ஜெட் பொறி பொருத்தப்பட்டது. பொறி வந்ததும் புதிய சிக்கல்களும் வந்தன. எரிபொருள் தீரத் தீர நிறை மாறும்; ஆகவே எரிபொருட்கலனை ஈர்ப்பு மையத்திற்கு அருகில் அமைத்தல் நன்று. பொறியின் வெப்பம், படுத்திருப்பவரின் உடலையும் இறக்கையையும் தாக்காமல் காக்க வேண்டும். அன்றியும், தாமே செய்த ஊர்தியில் பறக்க அரசின் அனுமதி பெற வேண்டும். எங்கே பறக்கலாம், எவ்வளவு உயரம் பறக்கலாம் என்பனவற்றை வானூர்தித் துறையினர் வரையறுக்கின்றனர். இவ்விதிகள் கனவுக்குப் போடப்பட்ட தளைகள் அல்ல. பறப்பவரையும் கீழே நிற்பவரையும் காக்கும் வேலிகள்.

2013-ஆம் ஆண்டு எம்-02ஜே ஜெட் பொறியின் உந்துவிசையால் தரையைவிட்டு எழுந்தது. 2016 ஜூலை 31 அன்று ஹொக்கைடோ தீவிலுள்ள டகிகாவா பறப்புத் திடலில், மக்கள் முன்னிலையில் வானில் வட்டமிட்டுத் தரையிறங்கியது. விமானியாக அதன்மேல் படுத்திருந்தவர் ஹாச்சியாவே. திட்டத்தைத் தொடங்கியபோது முப்பத்தேழு அகவையை எட்டியிருந்த அவருக்கு அப்போது அகவை ஐம்பது. 2019-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ஓஷ்காஷ் நகரில் நடைபெற்ற வானூர்தி விழாவிலும் அது பறந்தது. தாமே வானூர்தி செய்வோர் உலகெங்கிலுமிருந்து ஆண்டுதோறும் கூடும் விழா அது.

மாறியவையும் மாறாதவையும்

திரையில் கண்ட மேவேயையும் திடலில் எழுந்த எம்-02ஜே ஊர்தியையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இறக்கை நீண்டுவிட்டது, எடை கூடிவிட்டது, சக்கரங்கள் சேர்ந்துவிட்டன, நின்றுகொண்டு பறக்கும் துணிச்சல் கைவிடப்பட்டது. இவை யாவும் இயற்கையின் விதிகள் கேட்டுப் பெற்றவை. ஆனால் வெண்ணிறமான ஒற்றை இறக்கை, வாலற்ற வடிவம், கூடாரமின்றிக் காற்றின்மேல் படுத்துச் செல்லும் ஒரு மனிதர் ஆகிய மூன்றும் மாறவில்லை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுத்தால் கனவே இல்லாமற் போகும் என்று பிரித்தறிந்ததே இம்முயற்சியின் வெற்றி.

வாலொன்றைச் சேர்த்திருந்தால் பணி எளிதாகியிருக்கும். ஆனால் அது மற்றுமொரு சிறு விமானமாக முடிந்திருக்கும். ஓவியத்தை அப்படியே நகலெடுத்திருந்தால் உருவம் ஒத்திருக்கும். ஆனால் அது பறந்திராது. இவ்விரண்டு வழிகளையும் தவிர்த்து, கணக்குக்கும் கனவுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் பொறுமையாக நடந்தார் ஒரு கலைஞர்.

மாணவர்களே! உங்கள் குறிப்பேட்டின் ஓரத்தில் நீங்கள் வரைந்து வைத்திருக்கும் ஊர்தியோ கருவியோ எதுவாயினும், அதனை அழித்துவிடாதீர்கள். அதற்கு அருகே அதன் நிறை என்ன, அதனைத் தாங்குவது எது, அது தவறினால் யாருக்குத் தீங்கு என்னும் மூன்று வினாக்களை எழுதுங்கள். விடை காணத் தொடங்கும் அன்றே ஓவியம் வரைபடமாக மாறத் தொடங்கிவிடும்.

கற்பவை கற்றபின்

1. வால் இல்லாத ஊர்தி நிலைத்தன்மை பெறுவதற்குரிய வழிகளை விளக்குக.

2. இறக்கையின் பரப்பைக் குறைத்தால் தரையிறங்கும்போது இடர் மிகுவது ஏன்? கட்டுரையில் உள்ள கணக்கின் துணைகொண்டு எழுதுக.

3. ‘மாதிரி பறந்துவிட்டது என்பதனாலேயே முழு ஊர்தியும் பறந்துவிடும் எனக் கொள்ளல் இயலாது.’ காரணம் கூறுக.

4. தாளால் வாலில்லாச் சறுக்கு ஊர்தியொன்றைச் செய்து, பின்விளிம்பின் வளைவை மாற்றி மாற்றிப் பறக்கவிட்டு, கண்டறிந்தவற்றை அட்டவணைப்படுத்துக.

5. நீங்கள் படித்த கதையிலோ பார்த்த படத்திலோ வரும் கற்பனைக் கருவி ஒன்றை உண்மையாகச் செய்வதாயின், எவற்றை மாற்ற வேண்டும், எவற்றை மாற்றக்கூடாது என்பது குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.